இருபது கிலோவுக்குக் கீழே

லாரி வராத ஜூலையில்
மணிலாவிலிருந்து ஒருவர் வந்து
என் மேசைமேல் வரைபடத்தை விரித்தார்.
நீக்ரோஸ் தீவு
காயப்போட்ட காலுறை மாதிரி தொங்கியது.
மேற்குப் பக்கம் முழுக்கப் பச்சை.
"வானத்திலிருந்து எடுத்தது" என்றார்.
கரும் பச்சை என்றால் நிற்கும் கரும்பு,
வெளுத்த பச்சை என்றால் வெட்டிய கரும்பு.

நான் புளோர்டெலிசா மக்பனுவா, எடைமேடை எழுத்தர்.
பதினாறு பருவமாக இந்தச் சன்னல்.
எனக்கு நாடு லாரியில் ஏறித்தான் வரும்.

டயரில் ஒட்டிய மண் கறுப்பென்றால்
கன்லாவோன் எரிமலையின் அடிவாரம்.
சாம்பல் களியென்றால் கடலோரத் தாழ்வு.
கணு குட்டையாக, தண்டு சுண்டுவிரலாக வந்தால்
தெற்கே மேட்டுக்காடு;
அங்கே நாலாம் மறுதாம்பையும்
விட்டுப் பார்ப்பார்கள்.

நடுமலை
கிழக்கின் மழையை மடியில் வாங்கிக்கொண்டு
காற்றை வெறுங்கையோடு இந்தப் பக்கம் அனுப்பும்.
அது வேண்டும் கரும்புக்கு.
"தாகம் எடுத்தால்தான் தண்டு இனிக்கும்" என்பார்
எங்கள் ஆய்வுக்கூடத்துக்காரர்.
சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

தார்லாக்கில் கரும்பு உண்டு, பதங்காஸில் உண்டு,
புகித்னோன் மேட்டில் கண்ணுக்கெட்டும் மட்டும் உண்டு.
ஆனாலும் நாட்டுச் சர்க்கரையில்
பாதிக்கு மேல் இந்தக் காலுறைக்குள்தான்.

வெட்டுகிறவர்கள் இங்கே விளைவதில்லை.
கடல் தாண்டி, மலையும் தாண்டி, அந்திக்கேயிலிருந்து வருகிறார்கள்.
எப்போதோ ஒரு ஸ்பானிய ஆளுநர்
குடும்பப்பெயர்களைப் பங்கிட்டுக் கொடுத்தாராம்,
சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில்.
கூலிச்சீட்டின் முதலெழுத்தைப் பார்த்தே
சில பேருக்கு ஊர் சொல்லிவிடுவேன்.

என் எடைமேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்.
அதற்குக் கீழே
அதற்கு உலகம் கிடையாது.

போன அக்டோபரில்
மேஸ்திரி காபிக்குப் போன நேரம்
எலிசெரியோ தண்டோய் குடும்பம், ஏழு பேர்,
கத்தி, பானை, பாயோடு
விளையாட்டாக மேடையில் ஏறினார்கள்.
முந்நூற்று இருபது.
கடைக்குட்டி ரெமிஹியோ இறங்கினான்.
முந்நூற்று இருபது.
ஏறினான். முந்நூற்று இருபது.
"அப்போ நான் இல்லையா?" என்றான்.
எல்லாரும் சிரித்தோம். நான்தான் கூடுதலாக.

மே மாதம் சங்கு ஊதி ஓய்ந்தது.
இனிமேல் செத்த காலம்.
நாங்கள் வைத்த பெயர்தான்.
கரும்பு வளரும், உலை கொதிக்காது.
முன்பணம் கழித்து, கடைப்பாக்கி கழித்து
அதே ஏழு பேர் ஊருக்குக் கிளம்பினார்கள்.
பையன் விடவில்லை, மறுபடி ஏற்றினான்.
அதே கத்தி, அதே பானை, அதே பாய்,
புதிதாக இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை.

முந்நூற்று இருபது.

மூட்டையைக் கீழே வைக்கச் சொன்னேன்.
முந்நூறு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எலிசெரியோ எண்ணைப் பார்த்தார்,
பிறகு கால் மாற்றி நின்றார்,
மேடை பழுதாகியிருக்கலாம் என்பதுபோல்.

ரெமிஹியோ குதித்து இறங்கினான்.
இருநூற்று எண்பது.
"நான் இருக்கிறேன்!" என்று கத்தினான்.
"அம்மா, நான் இருக்கிறேன்!"
மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.
அவன் எடை கூடவில்லை.
மற்ற ஆறு பேரும் இறங்கி வந்து
அவனுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை.
எழுதவில்லை.

மணிலாக்காரர் பென்சிலை நீட்டினார்:
"உங்கள் ஆலைக்குக் கரும்பு வரும் பரப்பு
எதுவரை? கோடு போடுங்கள்."

எரிமலையைச் சுற்றினேன். களிமண் கரையோரம் வந்தேன்.
பென்சிலை எடுக்காமல்
நீலத்துக்குள் இறங்கினேன்.
பனாய் தீவில் ஏறி, மலை கடந்து,
மேற்கு ஓரத்தில் போய் நிறுத்தினேன்.

"அங்கே பச்சையே இல்லையே" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் பையைத் திறந்து
ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.